அழுக்கை உண்ணும் நுண்ணுயிர்கள்



கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி ஆகிய ஊர்களிலே ஒரு வீட்டு வளவுக்குள் நுழைவோமாயின், ஒரு மூலையிலே கிணற்றையும் மற்றொரு மூலையிலே மலசலகூடக் குழியையும் காண்போம். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய மணல் நிலம். இம்மணலைச் சில அடி தோண்டினாலே நன்னீர் ஊறும். வானத்திலிருந்து விழுந்த மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்பதே அந்த நன்னீர். அதே மணலுக்குள்ளேதான் நமது கழிவும் இறங்குகின்றது. தலைமுறை தலைமுறையாக இவ்விரண்டையும் ஒரே வளவிலே வைத்துக்கொண்டு நம் முன்னோர் வாழ்ந்தனரென்றால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலே கண்ணுக்குப் புலப்படாத வேலையாட்கள் சிலர் இருந்திருத்தல் வேண்டும். அவ்வேலையாட்களை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான் என்பதே இவ்வுரையின் பொருள். யான் விஞ்ஞானம் பயின்றவனல்லன், கலைப்பட்டதாரி. ஆதலின் வரலாற்றின் வாயிலாகவே இதனை அணுகுகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலண்டன் மாநகரில் வீடுகளுக்குக் குழாய்நீரும், நீர் பாய்ச்சிக் கழுவும் மலசலகூடங்களும் பெருகின. அதுகாறும் குழிகளிலே தங்கிக்கிடந்த கழிவு, நீரோடு சேர்ந்து வடிகால்களில் ஓடித் தேம்ஸ் நதியை அடைந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதி நாறிய நாற்றம் பொறுக்கமாட்டாது, பாராளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டனர். நாற்றமே நோய் என்று பலரும் நம்பிய காலம் அது. எனவே பொறியியலாளர் செய்ததெல்லாம் நாற்றத்தை நகருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டதே. கடல் அருகில் இல்லாத நகரங்கள் கழிவுநீரை வயல்களிலே பாய்ச்சின. மண்ணுக்குள் இறங்கிய நீர் தெளிந்து வெளிவந்தது. எட்வர்ட் பிராங்க்லாந்து என்னும் இரசாயனவியலாளர் அந்நாட்களில் உருளைகளில் மண்ணை நிரப்பிக் கழிவுநீரை விட்டு விட்டுப் பாய்ச்சிப் பரிசோதித்தார். இடையிடையே மண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் அது நெடுநாள் தளராது சுத்திகரிக்கும் என்றும், ஓய்வின்றிப் பாய்ச்சினால் அடைபட்டுக் கெடும் என்றும் அவர் கண்டார். ஆயினும் மண்ணுக்கு ஓய்வு எதற்கு? அதற்கு மட்டும் அவரிடம் விடை இருக்கவில்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் அழுக்கை எரிக்கின்றது, அவ்வளவே என்று கருதினார்.

விடை 1877ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவர் ஒரு மீற்றர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயொன்றில் மணலையும் சுண்ணக்கல் துகளையும் நிரப்பி, அதன்மேற் கழிவுநீரை மிக மெதுவாகச் சொட்டவிட்டனர். நாட்கள் கழிந்தன. மேலே விட்ட அமோனியா அப்படியே கீழே வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ இருபது நாட்களின் பின்னர் அமோனியா மறைந்து நைத்திரேற்று தோன்றத் தொடங்கிற்று. இது வெறும் இரசாயனத் தாக்கமாயின், முதல் நாளிலேயே நிகழ்ந்திருக்க வேண்டுமன்றோ? இருபது நாள் தாமதம் எதனைக் காட்டுகின்றது? ஏதோ ஒன்று அம்மணலிலே குடியேறி, பெருகி, வேலைக்கு ஆயத்தமாயிற்று என்பதனையே காட்டுகின்றது. ஐயத்தை அறுப்பதற்காக அவர்கள் குளோரபோம் ஆவியைக் குழாயினுள்ளே செலுத்தினர். நைத்திரேற்று உண்டாவது உடனே நின்றது. ஆவியை அகற்றி, நல்ல மண் கழுவிய நீர் சிறிதளவை ஊற்றியபோது மீண்டும் தொடங்கிற்று. மயங்கி மாள்வதும் மறுபடி விதைத்தால் முளைப்பதும் உயிருள்ள பொருளுக்கே உரிய இயல்பு. விஞ்ஞான வரலாற்றில் இத்துணை எளிய கருவியைக் கொண்டு இத்துணை பெரிய வினாவுக்கு விடைகண்ட பரிசோதனைகள் மிகச் சிலவே என்பது எனது கருத்து. அந்த ஒரு மீற்றர் மணலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது ஊருக்குத் திரும்பும்போது அது தேவைப்படும்.

அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கப் பலர் முயன்றும் இயலவில்லை. இறைச்சிச் சாற்றுக் கூழிலே மற்றைப் பற்றீரியாக்கள் செழித்தன, இவை வளரவில்லை. உருசிய நாட்டு விநோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு சூரிச் நகரில் இருந்துகொண்டு, சேதனப்பொருள் எதுவும் சேராத வெறும் உப்புக் கரைசலில் அவற்றை வளர்த்துக் காட்டினார். அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுவது ஒரு கூட்டம், அதனை நைத்திரேற்றாக மாற்றுவது வேறொரு கூட்டம் என்பதும் புலனாயிற்று. ஒரு கூட்டத்தின் கழிவு மற்றொரு கூட்டத்தின் உணவு.

இதன்பின் பொறியியலாளரின் நோக்கு மாறியது. இலண்டன் நகரின் இரசாயனவியலாளரான டிப்டின், பற்றீரியாவைக் கொல்வதை விட்டு வளர்ப்பதே அறிவுடைமை என்று வாதிட்டுக் கற்படுக்கைகளை அமைத்தார். எக்ஸ்ரர் நகரில் கமரன் என்பவர் 1895ஆம் ஆண்டளவில் காற்றுப்புகாத மூடிய தொட்டியொன்றைக் கட்டி, அதற்கு இட்ட ஆங்கிலப் பெயரே இன்று நம் வீடுகளிலுள்ள 'செப்ரிக் ராங்கி'யின் பெயராக நிலைத்துவிட்டது. இங்கே ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். அத்தொட்டி சுத்திகரிப்பின் முதற்படி மாத்திரமே. அதனுள்ளே காற்றின்றி வாழும் பற்றீரியாக்கள் திண்மப்பொருளைக் கரைக்கின்றன. வெளிவரும் நீரிலே அமோனியாவும் நோய்க்கிருமிகளும் நிறைந்திருக்கும். மீதி வேலையைக் காற்றுள்ள மண் செய்தாக வேண்டும். நம்மவரிற் பலர் தொட்டி கட்டியவுடன் கருமம் முடிந்ததென்று எண்ணுகின்றனர்.

இனி மாஞ்செஸ்டர் நகருக்குச் செல்வோம். அங்கே கில்பேர்ட் பௌலர் என்னும் இரசாயனவியலாளர் நகரசபையின் ஆலோசகராக இருந்தார். 1912ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் அமெரிக்கா சென்று, மசாசுசெற்ஸ் மாநிலத்து லோரன்ஸ் பரிசோதனை நிலையத்தைப் பார்வையிட்டார். கழிவுநீர்ப் போத்தல்களுக்குள்ளே காற்றை ஊதி அங்குள்ளோர் நடத்திய பரிசோதனை அவர் மனத்தை ஈர்த்தது. ஊர் திரும்பியதும் இரு வழிகளில் முயன்றார். முதலாவது வழி, தனியொரு பற்றீரியாவைத் தேடுவது. நிலக்கரிச் சுரங்கத்து நீரிலிருந்து பெற்ற ஓர் இனத்துக்கு 'எம் 7' என்று பெயரிட்டு, இரும்புப்பும் காற்றும் சேர்த்தால் அது கழிவுநீரைத் தெளியவைக்கும் என்று 1913ஆம் ஆண்டில் முன்ஃபோர்ட் என்பவரோடு சேர்ந்து அறிவித்தார். இரண்டாவது வழியை டேவிஹியூம் நிலையத்தில் பணியாற்றிய ஆர்டேர்ன், லொக்கற் என்னும் இருவரிடம் ஒப்படைத்தார்.

அவ்விருவரும் செய்தது மிகச் சாதாரணமான காரியம். ஒளிபடாதவாறு மறைத்த போத்தல்களிலே கழிவுநீரை ஊற்றிக் காற்றை ஊதினர். முழுதும் சுத்தமாக ஐந்து வாரங்கள் சென்றன. ஐந்து வாரம் காத்திருக்க எந்த நகரத்தாலும் இயலாது. ஆனால் அவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்புநிறச் சேற்றை வீசாமல் வைத்துக்கொண்டு, அதன்மேற் புதிய கழிவுநீரை ஊற்றினர். இம்முறை விரைவில் தெளிந்தது. மறுபடியும் சேற்றை வைத்துக்கொண்டனர். ஒவ்வொரு முறையும் காலம் குறுகிக் குறுகி, ஈற்றில் ஒரு நாளுக்குள்ளேயே வேலை முடிந்தது. அதற்கு முன்னர் யாவரும் அருவருத்து அகற்றிய சேறே வேலையாட்களின் குடியிருப்பு என்பது அப்போது விளங்கிற்று. 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி மாஞ்செஸ்டரிலே இரசாயனக் கைத்தொழிற் சங்கத்தின் கூட்டத்தில் இதனை வாசித்தனர். உயிர்ப்பேற்றிய சேறு என்னும் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். இன்று உலகின் பெருநகரங்களிற் பெரும்பாலானவை கழிவுநீரைச் சுத்திகரிப்பது இம்முறையினாலேயே. பௌலர் அரிதின் முயன்று பிரித்த 'எம் 7' எங்கே போயிற்று? வரலாற்று நூல்களின் அடிக்குறிப்பிலே இருக்கின்றது. பெயரற்ற பெருங்கூட்டம் வென்றது.

இதுவரை சொன்னது ஐரோப்பியர் கதை. இனிச் சொல்வது நமக்கு அண்மையிலுள்ள கதை. 1916ஆம் ஆண்டிலே பௌலர் பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அங்கே உயிர் இரசாயனத்துறைக்கு அடிகோலியவர் அவரே. நகரங்களுக்கு வயல்களிலிருந்து உணவாக வரும் நைதரசன் மீண்டும் வயலுக்குப் போகாமல் ஆற்றிற் கரைவதைக் கண்டு வருந்திய அவர், உயிர்ப்பேற்றிய சேற்றை எருவாக்கும் கருத்தை இந்தியாவில் வற்புறுத்தினார். நைதரசனைப் பேணுதல் பற்றி 1934ஆம் ஆண்டில் நூலொன்றும் வெளியிட்டார்.

அவர் அமைத்துச் சென்ற துறையிலே பின்னர் தலைமை வகித்தவர் வைத்தியநாத சுப்பிரமணியன். இவர் இளமையில் இங்கிலாந்து உரொத்தம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்திலே நீர் தேங்கிய மண்ணின் உயிர் இரசாயனத்தை ஆராய்ந்து 1927ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டவர். நீர் தேங்கிய மண் என்றால் நமது நெல்வயலன்றோ! வெள்ளம் நின்ற வயலிலே காற்று அற்றுப்போக, அங்குள்ள நைத்திரேற்று மறைந்து அமோனியா தங்கும் என்னும் உண்மை இத்தகைய ஆராய்ச்சிகளாற் தெளிவுபட்டது. சுப்பிரமணியன் பின்னாளில் மைசூர் மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளராகவும் விளங்கினார்.

பங்களூரிலே அவரும் எஸ். சீ. பிள்ளை என்னும் ஆய்வாளரும் உயிர்ப்பேற்றிய சேற்றை நுணுக்குக்காட்டியிலே ஆராய்ந்தபோது, பற்றீரியாவிலும் பன்மடங்கு பெரிய மயிருள்ள ஓரணு விலங்குகள், மணி வடிவினவாய்க் காம்புகளில் நின்று சுழித்து உண்பதைக் கண்டனர். புறோட்டோசோவா எனப்படும் இவையே நீரைத் தெளியச் செய்வன, பற்றீரியாவுக்கு அதிற் பங்கு சிறிதே என்று 1942ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். மேனாட்டார் இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கேட்ஸ் என்பவரும் அவர் துணைவரும் ஒரு பரிசோதனை நடத்தினர். புறோட்டோசோவா இல்லாத சேற்றிலிருந்து வந்த நீர் கலங்கியிருந்தது. அவற்றைச் சேர்த்தவுடன் தெளிந்தது. கரைந்த அழுக்கை உண்டு தீர்ப்பது பற்றீரியா. நீரிலே சிதறித் திரியும் பற்றீரியாவை உண்டு நீரைத் தெளியச்செய்வது புறோட்டோசோவா. பங்களூரார் தம் கூற்றைச் சற்று மிகைப்படுத்தினர் என்பது உண்மையே. ஆயினும் பிறர் புறக்கணித்த ஒரு கூட்டத்தைச் சரியாக இனங்கண்டவர்கள் அவர்களே. நமது பாடநூல்களில் மாஞ்செஸ்டர் வருகின்ற அளவுக்குப் பங்களூர் வருவதில்லை.

தனியொரு வீரனைத் தேடும் ஆசை அதனோடு அடங்கிவிடவில்லை. வங்காளத்திற் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்க ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்திலே பணியாற்றிய காலத்தில், பெற்றோலிய எண்ணெயின் வெவ்வேறு கூறுகளை உண்ணும் பற்றீரியாக்களின் ஆற்றல்களை ஒரே பற்றீரியாவில் ஒன்றுசேர்த்தார். அதற்கு ஆக்கவுரிமை கோரிய வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்று, 1980ஆம் ஆண்டு யூன் 16ஆம் திகதி ஐந்து நீதிபதிகள் ஒருபக்கமும் நால்வர் மறுபக்கமுமாக அவருக்குச் சார்பாய்த் தீர்ப்பளித்தனர். மனிதன் உருவாக்கிய உயிருக்கு ஆக்கவுரிமை உண்டு என்று நிறுவிய அவ்வழக்கு உலகப் புகழ்பெற்றது. ஆனால் 1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி அலாஸ்காவிலே எக்சன் வால்டீஸ் என்னும் எண்ணெய்க்கப்பல் பாறையில் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தபோது, அப்புகழ்பெற்ற பற்றீரியா அழைக்கப்படவில்லை. அக்கரைகளில் முன்னமே வாழ்ந்த பற்றீரியாக்களுக்கு நைதரசனும் பொசுபரசும் எருவாக இட்டனர். எண்ணெயில் காபன் மிகுதி. மற்றைச் சத்துகள் இல்லை. குறைந்ததை ஊட்டியவுடன் ஊர்க்கூட்டம் தானே வேலையை விரைவுபடுத்திற்று.

அங்கே கற்களுக்கிடையே காற்றும் அலையும் இருந்தன. நிலத்தடிக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே ஓர் அனல்மின் நிலையத்தின் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை உயர்நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி கட்டளையிட்டமையை நேயர்கள் அறிவர். எண்ணெயை உண்ணும் பற்றீரியாக்கள் அந்த மண்ணிலும் உண்டு. ஆனால் நிலத்தடி நீரிலே ஒட்சிசன் அரிது. அது தீர்ந்தபின் அவற்றின் வேலை மிக மந்தமாகிவிடும்.

இந்த வரலாற்றை மனத்திற் கொண்டு நமது மணல் வளவுக்கு வருவோம். கூட்டம் நம்மிடம் உண்டு. ஆனால் அதற்குக் காற்றையும் காலத்தையும் நாம் விடுகின்றோமா? குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று சுகாதாரப் பகுதியினர் சொல்வது வழக்கம். 10 பேர்ச் வளவு சதுரமாயின் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. நம் குழியை ஒரு மூலைக்குத் தள்ளினால் அது நமது கிணற்றுக்கு விலகும். அயலவர் கிணற்றுக்கு அண்மையாகும். அயலவரும் அவ்வாறே செய்வர். காணிகளைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து வந்த நம் ஊர்களிலே இக்கணக்கு எங்கே சென்று முடியும்!

இதனிலும் முக்கியமானது கிடைத்தூரமன்று, ஆழம். ஷ்லேசிங்கின் குழாயிலே ஒரு மீற்றர் மணல் இருந்தது. அம்மணலின் இடைவெளிகளிலே காற்று இருந்தது. நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. நம் ஊரிலே கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது நிலத்தடி நீர் மேலெழுந்து குழியின் அடியைத் தொட்டுவிடுகின்றது. அப்போது இடையிலே காற்றுள்ள மணல் ஓரடிகூட இல்லை. கழிவு வடிகட்டப்படாமலே நீரோடு நீராகக் கலக்கின்றது. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் அவ்வழியே வரலாம். வெயிற்காலத்திலோ நீர்மட்டம் தாழ்ந்து, காற்றுள்ள மணல் மீண்டும் வேலைசெய்யும். கிருமிகள் பெரும்பாலும் தடுக்கப்படும். ஆனால் அமோனியா நைத்திரேற்றாக மாறி, தடையின்றிக் கிணற்றை அடையும். நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமிகள் மாளும். நைத்திரேற்றோ போகாது, நீர் வற்ற வற்றச் செறிவடையும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வகுத்திருப்பது, புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்க இயலாது நீலம்பாரிக்கும் என்னும் அச்சத்தினாலேயே.

நைத்திரேற்றை மீண்டும் வெறும் நைதரசன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பும் பற்றீரியாக்களும் உண்டு. அவற்றுக்குக் காற்றற்ற இடமும் உண்பதற்குச் சேதனப்பொருளும் வேண்டும். வெறும் மணலில் அவை இரண்டும் கிட்டா. வாவிக்கரையிலே கண்டல் வேர்களுக்கிடையே உள்ள கருஞ்சேற்றில் இரண்டும் நிறைய உண்டு. அச்சேற்றை மூடி நிலம் மீட்கின்றவர்கள் மூடுவது எதை என்பதை மாஞ்செஸ்டர்ப் போத்தல்களை அறிந்தவர்கள் உணர்வர்.

வாவியைப் பற்றியும் ஒரு சொல். பிரித்தானிய அரச ஆணைக்குழு 1912ஆம் ஆண்டில் கழிவுநீரின் தரத்தை வகுத்தபோது, அந்நீர் ஐந்து நாட்களில் எவ்வளவு ஒட்சிசனை உட்கொள்கின்றது என்பதையே அளவுகோலாகக் கொண்டது. அந்நாட்டு ஆறுகள் ஐந்து நாட்களுக்குள் கடலை அடைந்துவிடும் என்பதே அதற்குக் காரணம் என்பர். இன்றும் நமது நாட்டிலும் அதே ஐந்து நாட் சோதனையே வழக்கிலுள்ளது. நமது வாவியோ ஆறன்று. பாலமீன்மடு முகத்துவாரம் வெயிற்காலத்தில் மணலால் அடைபட்டுவிட, உட்புகுந்த நீர் மாதக்கணக்கில் வெளியேறாது தங்கும். 20 பாகை வெப்பத்தில் ஓர் இலீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். உவர்நீர் அதனிலும் குறைவாகவே தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏறப் பற்றீரியாவின் பசியோ கூடும். வரவு குறையச் செலவு கூடுகின்ற இக்கணக்கிலே முதலில் மூச்சுமுட்டுவது மீன்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கரையோரக் கிணறுகளை உவராக்கிற்று. பின்னர் உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி வந்தமை பெரும்பேறே. ஆயினும் இலண்டன் கண்ட அனுபவம் இங்கே நினைவுக்கு வருகின்றது. குழாய்நீர் வந்த வீட்டிலே நீரின் செலவு கூடும். கூடிய நீரெல்லாம் அதே பழைய குழிக்குள்ளேயே செல்லும். வாளியால் அள்ளிய காலத்துக் கழிவுக்கென வெட்டிய குழி அது. கிணற்றை இனி யாரும் குடிப்பதில்லையே என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். குழாய்நீர் தடைப்படும் நாட்களில் அதே கிணற்றுக்கே திரும்புகின்றோம். நிலத்தடி நீர் ஈற்றில் வாவியையும் சேர்கின்றது.

ஒவ்வொரு வீட்டாரும் அறிந்துகொள்ள வேண்டிய அளவு ஒன்று உண்டு. அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. முடிச்சிட்ட கயிறும் சிறு கல்லும் போதும். மழை உச்சத்திலிருக்கும் மார்கழியில் ஒரு முறையும், வெயில் கடுத்த ஆவணியில் ஒரு முறையும், நிலமட்டத்திலிருந்து கிணற்று நீர் எத்தனை அடியிலே நிற்கின்றது என்று அளந்து, குழியின் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மார்கழி அளவு குழியின் ஆழத்திலும் குறைவாயின், அக்குழியை நிரப்பி, மணலைத் திட்டியாக உயர்த்தி, அதன்மேற் கழிவுநீர் பரந்து சொட்டும்படி அமைப்பதே வழி. அதற்கு வேண்டிய மணல் நமது ஊரிலே தாராளமாக உண்டு.